தண்ணீர் வரும் பாட்டுகளை நாங்கள் பாடாத காலம்

பாசிக்குடா ஹோட்டல்களில் மாலை நேரத்தில் பாடும் தம்பிமாரும் தங்கைமாரும் என்னைக் கண்டால் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். அந்தப் பழைய ஆங்கிலக் கன்ட்ரி பாட்டுகளைக் கிற்றாரில் எப்படி வாசித்தீர்கள், எந்தச் சுருதியில் பாடினீர்கள் என்று கேட்பார்கள். அதையெல்லாம் சொல்லித்தர உங்கள் கையில் போன் இருக்கிறது. அது என்னைவிடப் பொறுமையாகவும் சொல்லும், நடுவில் தேத்தண்ணீரும் கேட்காது. எனக்குச் சொல்ல இருப்பது வேறு விஷயம். ஒரு பாட்டு எதைப் பற்றியது, அதை எப்போது பாடலாம், எப்போது பாடக்கூடாது என்பதுதான் அது. அதிலேதான் என் பிழைப்பு முழுவதும் போனது.

நான் களுதாவளைக்காரன். பிள்ளையார் கோயில் பஜனையில் பாடிக்கொண்டிருந்தவனை மட்டக்களப்பில் ஒரு பறங்கியர் இசைக்குழு, போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழிவந்தவர்களுடையது, எடுத்துக்கொண்டது. குழுத் தலைவர் அக்கோடியன் வாசிப்பவர். நாங்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். அவருக்கு என் குரல் பிடித்திருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாது என்பது மூன்று பாட்டு முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தமிழ் எழுத்தில் எழுதி வைத்து, கிளி மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய் செத்துப்போன பாட்டுக்குப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே தாளம் போட்டேன் போலிருக்கிறது. அவர் அக்கோடியனை மடக்கி மடியில் வைத்தார்.

"மனே, நீ என்ன பாடுறாய் எண்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மாஸ்டர்."

"அப்ப இனி ஒவ்வொரு பாட்டுக்கும் முதல்ல கதையச் சொல்லு. தமிழில சொல்லு. எனக்கு விளங்கினா மறுகா பாடலாம்."

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் குழுவின் வழக்கம். ஒத்திகையில் எனக்கு வைத்த பரீட்சை, நாளடைவில் மேடைக்கும் வந்துவிட்டது. பறங்கியர் கலியாணம் என்றாலும் மண்டபத்தில் பாதிப் பேர் தமிழர், காத்தான்குடிப் பக்கத்திலிருந்து வந்த முஸ்லிம் கூட்டாளிகளும் இருப்பார்கள். ஆங்கிலம் எல்லோருக்கும் ஓடாது. நான் மைக்கைப் பிடித்து, இந்தப் பாட்டில் ஒருவன் இப்படி இருந்தான், அவனுக்கு இன்னது நடந்தது என்று நாலு வரியில் சொல்வேன். பிறகு பாடுவேன். சனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. பாட்டை மறந்தாலும் கதையைக் கேட்டு வந்தவர்கள் உண்டு.

கன்ட்ரி பாட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மெட்டு துள்ளும், சொல் அழும். மெட்டை மட்டும் கேட்டால் பிறந்தநாள் விழா என்று நினைப்பீர்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒருவன் சிறையில் இருப்பான், ஒருத்தி ரயில் ஏறிப் போயிருப்பாள், நாய்கூடச் செத்துப்போயிருக்கும். கதை சொல்கிறவனுக்கு இது கண்ணிவெடி வயல்தான். ஒரு கலியாணத்தில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. மாஸ்டரே கதை சொல்ல எழுந்தார். தூர தேசத்தில் பல வருஷம் உழைத்த ஒருவன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான், சுவரில் தொப்பி மாட்டும் ஆணியில் வேறு யாருடையதோ தொப்பி தொங்குகிறது என்று, குரலை ஏற்றி இறக்கி உருக்கமாகச் சொல்லி முடித்தார். பெண்ணின் தகப்பன் அந்த வாரம்தான் சவூதியிலிருந்து வந்திருந்தார் என்பது மாஸ்டரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே மேடைக்கு வந்தா.

"ஐயா, என்ட வீட்டு ஆணியில வேற தொப்பி தொங்கினத்த நீங்க எப்ப வந்து பாத்தீங்க?"

முதலில் சிரித்தது அந்தச் சவூதிக்காரர்தான். பிறகு மண்டபமே சிரித்தது. மாஸ்டர் முகம் பீட்றூட் நிறமாகி, அவசரமாக ஒரு துள்ளல் பைலாப் பாட்டுக்குத் தாவினார். அன்றைக்குப் பிறகு அவர் ஒரு சட்டம் போட்டார். மேடை ஏறுவதற்கு முன் பாடகன் மண்டபத்தை ஒருமுறை சுற்றி நடக்க வேண்டும். யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்று பார்க்க ஆள் இருக்கிறார், மண்டபத்தைப் பார்க்க உங்களை விட்டால் ஆள் இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் ஒரு பாட்டு இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் லாம்புப் பாட்டு. ஆற்றின் ஒரு கரையில் அவன், மறு கரையில் அவள். சனிக்கிழமை தோறும் அவன் தோணியில் கடந்து போய் அவளோடு ஆடுவான். ஒரு சனிக்கிழமை ஆறு பெருகிவிடுகிறது, தோணி விட முடியாது. அவன் இந்தக் கரையில் ஒரு அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைக்கிறான். அவள் அந்தக் கரையில் ஒன்றைக் கொளுத்துகிறாள். யாரோ வாசிக்கும் வயலின் தண்ணீருக்கு மேலால் கேட்கிறது. இருவரும் அவரவர் கரையில் தனித்தனியே ஆடுகிறார்கள். ஆங்கிலச் சொல்லில் கடைசிப் பகுதி பொல்லாதது. அடுத்த சனிக்கிழமை மறு கரையில் வெளிச்சம் இல்லை. அவன் மட்டும் லாம்பைக் கொளுத்தி ஆடிக்கொண்டிருக்கிறான். அதைக் கலியாண வீட்டில் சொல்ல முடியுமா? மாஸ்டர் தமிழ்க் கதைக்கு வேறு முடிவு கட்டித் தந்தார். வெள்ளம் வடிகிறது, அவன் கடந்து போகிறான், சேர்ந்து ஆடுகிறார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஒரு சிரிப்போடு விட்டுவிடுவார்கள்.

இந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருந்தார். கடலோரம் டச்பாரில் இருந்த அல்பி அண்ணன். தச்சு வேலை செய்பவர். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் அவர் கை படாத அலுமாரி குறைவு. அவருடைய மனைவி மெரில் அக்கா நகரத்துப் பெண். வாவிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் இவர், நடுவில் கல்லடிப் பாலம். காதலித்த காலத்தில் பின்னேரம் ஊரடங்கு போட்டுவிட்டால் பாலம் கடக்க ஏலாது. அந்தப் பாட்டைத் தங்களுக்காகவே யாரோ எழுதியதென்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கலியாணம் என்றாலும் அல்பி அண்ணன் மேடைக்கு வந்து, "லாம்பக் கொளுத்துடா மனே" என்பார். பிறகு அவர் மண்டபத்தின் ஒரு கோடிக்குப் போவார், மெரில் அக்கா மறு கோடிக்குப் போவா. சனங்கள் விலகி இடம் விடுவார்கள். இருவரும் கட்டிப்பிடிக்க ஆள் இல்லாமல், இருப்பது போலக் கையை நீட்டிக்கொண்டு தனித்தனியே ஆடுவார்கள். கடைசிப் பகுதி வந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆடிக்கொண்டே வந்து நடுவில் சேர்வார்கள். சின்னப் பிள்ளைகள் விசிலடிக்கும். இது இல்லாமல் எங்கள் பக்கத்துக் கலியாணம் கலியாணமாகவே இருந்ததில்லை.

பிறகு கடல் வந்தது. டச்பாரில் என்ன நடந்தது என்று உங்கள் வீடுகளில் உள்ளவர்கள் சொல்லியிருப்பார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெரில் அக்கா போய்விட்டா. அல்பி அண்ணனுக்கு ஒரு கால் நசிந்து, பிறகு எப்போதும் சற்று இழுத்துத்தான் நடந்தார். மகள் ஷெரீன் அன்றைக்கு நகரத்தில் பெரியம்மா வீட்டில் நின்றதால் தப்பினாள். எங்கள் வாத்தியங்களும் போய்விட்டன. மாஸ்டரின் அக்கோடியன் ஒரு தென்னையின் அடியில் கிடந்தது, திறந்தால் மண் கொட்டியது.

சில மாதங்கள் கழித்து ஒரு கலியாணத்துக்குக் கூப்பிட்டார்கள். இரவல் வாத்தியங்களோடு வான் வண்டியில் போகும்போது எதைப் பாடுவது என்று பேசினோம். தண்ணீர் வரும் பாட்டு வேண்டாம் என்று மாஸ்டர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோதுதான் எவ்வளவு போகிறது என்று தெரிந்தது. ஆறு வரும் பாட்டுகள் போயின. மழை, துறைமுகம், தோணி எல்லாம் போயின. சிறைப் பாட்டுகளை ஏற்கெனவே நிறுத்தியிருந்தோம், அந்த நாளில் யார் வீட்டுப் பிள்ளை எங்கே அடைபட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எஞ்சியது குதிரையும் லொறியும்தான். குதிரையைக் கண்ணால் காணாத ஊரில் வருஷக்கணக்கில் குதிரைப் பாட்டுப் பாடியவன் நான்.

மாஸ்டர் பிறகு மகனோடு இருக்க ஆஸ்திரேலியா போய்விட்டார். குழு என் பொறுப்பில் வந்தது, தண்ணீர்ப் பாட்டு வேண்டாம் என்ற சட்டமும் அப்படியே தொடர்ந்தது. அல்பி அண்ணன் எல்லாக் கலியாணத்துக்கும் வருவார். வாசல் பக்கமாக உட்காருவார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் காலை இழுத்துக்கொண்டு போய்விடுவார். பாவம், ஆட்டத்தைப் பார்த்துத் தாங்க முடியவில்லை என்று பேசிக்கொள்வோம். லாம்புப் பாட்டைப் பாடாமல் விட்டது எவ்வளவு நல்லது என்றும் பேசிக்கொள்வோம்.

சண்டை முடிந்தது. பாலத்தடியில் சோதனை குறைந்தது, கலியாணங்கள் பொழுது பட்ட பிறகும் நடந்தன. பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டத் தொடங்கினார்கள். அப்படி ஒரு ஹோட்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்த பையனைத்தான் ஷெரீன் கட்டுவதாக இருந்தது. கலியாணத்துக்கு முன் பாட்டுகளைப் பேசி முடிக்க அவள் என் வீட்டுக்கு வந்தாள். எல்லாம் பேசி முடித்து எழுந்தவள் வாசலில் நின்றாள்.

"அங்கிள், லாம்புப் பாட்டு மட்டும் வேணாம்."

"நாங்க அத விட்டுக் கனகாலம் புள்ள."

"தெரியும். ஆரும் வந்து கேட்டாலும் பாடிராதீங்க. டடி ஒரு கலியாணத்திலயும் கடைசி வரைக்கும் இரிக்கிறல்ல. என்ட கலியாணத்திலயாவது இரிக்கணும். அம்மாவும் இல்ல, டடியும் எழும்பிப் போனா நான் ஆரப் பாக்கிற?"

பாட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

கலியாண நாளன்று, பழக்கப்படி, மேடை ஏறும் முன் மண்டபத்தைச் சுற்றி நடந்தேன். வாசல் பக்கம் அல்பி அண்ணன் இல்லை. போய்விட்டாரா என்று சுற்றித் தேடினேன். பார்த்தால், மண்டபத்தின் மறு கோடியில் சுவர் மணிக்கூட்டுக்குக் கீழே கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தக் காலத்தில் இந்த மண்டபத்தில் அவர் ஆடத் தொடங்கும் இடம் அது. பக்கத்தில் கதிரைகள் காலியாக இருந்தும் உட்காரவில்லை. எனக்கு அது உறுத்தியது. ஆனாலும் ஏறி, குதிரையில் தொடங்கினேன்.

நாலைந்து பாட்டு முடிந்திருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடி முடித்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அல்பி அண்ணன் காலை இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார்.

"லாம்ப மறந்திட்டியா மனே?"

நான் ஷெரீனைப் பார்த்தேன். அவள் அங்கிருந்தே வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண் என் மேலேயே இருந்தது.

"மறக்கல்ல அண்ணன். உங்களுக்குக் கஷ்டமா இரிக்கும் எண்டுதான்..."

"எனக்கா?" என்றார். கோபமில்லை, நம்ப முடியாத குரல். "கடல் வந்த மறுகா நடந்த ஒவ்வொரு கலியாணத்துக்கும் வந்திரிக்கன். இண்டைக்குப் பாடுவாங்க, இண்டைக்குப் பாடுவாங்க எண்டு பாத்துக்கிட்டு இரிப்பன். இனிப் பாட மாட்டாங்க எண்டு தெரிஞ்சா எழும்பிப் போயிருவன். ஆக்கள் எல்லாரும் மெரில மறந்திட்டாங்க எண்டுதான் நான் நினைச்சன்."

தம்பிமார், மேடையில் நின்று நான் தடுமாறிய நேரம் அதுதான். பாடினால் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு, அதுவும் அவளுடைய கலியாணத்தில், போகிறது. பாடாவிட்டால் இந்த மனிதன் இன்னும் கொஞ்ச நேரத்தில் வாசலால் வெளியேறிவிடுவார், அவள் பயந்தது நடந்துவிடும். எனக்குப் பின்னால் டிரம் அடிப்பவர் குச்சியைத் தூக்கியபடி என்னைப் பார்க்கிறார். இப்படி நேரத்தில் இரண்டு பேரில் ஒருவரைத் தெரிவுசெய்ய அவசரப்படாதீர்கள். ஒருவர் அறிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் மைக்கை நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கி ஷெரீனிடம் போனேன். சனங்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

"புள்ள," என்றேன், "டடி இவ்வளவு காலமும் எழும்பிப் போனது ஆட்டத்தப் பாத்து இல்ல. அந்தப் பாட்டுக்குக் காத்திரிந்து, நாங்க பாடாததால."

அவள் தகப்பன் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே மணிக்கூட்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டிருந்தார்.

"முடிவ எப்பிடிச் சொல்லுவீங்க அங்கிள்? வெள்ளம் வடிஞ்சது எண்டா?"

மாஸ்டரின் முடிவைச் சொன்னால் பொய். ஆங்கில முடிவைச் சொன்னால் அது கலியாண மண்டபத்தில் சொல்லத் தக்கதல்ல. மேடைக்கு ஏறி மைக்கைப் பிடித்தேன். ஆற்றின் இரு கரை, சனிக்கிழமை, வெள்ளம், இரண்டு லாம்பு, தண்ணீருக்கு மேலால் வந்த வயலின் எல்லாம் சொன்னேன். "அவன் தன் கரையில் ஆடிக்கொண்டிருந்தான்" என்று சொல்லி, அதோடு நிறுத்திக்கொண்டேன். முடிவைச் சொல்லவில்லை. என் வேலையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதையும் ஒன்றாக வைப்பேன். சில கதைகளின் முடிவு மேடையில் நிற்பவனுடையது அல்ல.

பாடத் தொடங்கினேன். சனங்கள் தாங்களாகவே விலகினார்கள். பழைய ஆட்கள் அவ்வளவு பேருக்கும் அந்த இடம் நினைவிருந்தது. அல்பி அண்ணன் கையை நீட்டி, நசிந்த காலை ஒரு பக்கமாக வைத்து, தனியே ஆடினார். மறு கோடி வெறுமையாக இருந்தது. அங்கே பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் பாடகன் கண்ணை மூடக்கூடாது. இரண்டாம் பகுதி முடிகிற நேரம் ஷெரீன் பூச்செண்டை மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். நீள உடுப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சனங்களுக்கு நடுவால் மறு கோடிக்குப் போனாள். தாய் நிற்கும் இடத்தில் நின்றாள். தாய் நீட்டுவது போலவே கையை நீட்டினாள். சின்ன வயதில் எத்தனை கலியாணத்தில் பார்த்திருப்பாள்!

நான் கடைசிப் பகுதியைப் பாடிக்கொண்டிருந்தேன். என் வாயில் மறு கரையில் வெளிச்சமில்லை என்ற சொற்கள். என் கண் முன்னால் அல்பி அண்ணன் அடி எடுத்து வைத்தார். அவள் நடுவுக்கு வரவில்லை, தாயின் இடத்திலேயே நின்றாள். முழுத் தூரத்தையும் அவர்தான் கடக்க வேண்டியிருந்தது. காலை இழுத்து இழுத்து, தாளம் தவறாமல் வந்தார். பாட்டு முடிந்துவிட்டது. அவர் இன்னும் பாதி வழியில் நின்றார்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பாட்டு எங்கே முடிகிறது என்பது போனில் இருக்கும். ஆட்கள் இன்னும் கடந்துகொண்டிருந்தால் வாத்தியத்தை நிறுத்தாதீர்கள். நான் பின்னால் கையைச் சுழற்றிக் காட்டினேன். குழு மறுபடியும் மெட்டை எடுத்தது, பிறகும் ஒருமுறை எடுத்தது. எனக்குப் பாடச் சொல் இல்லை, அழுதுகொண்டிருந்தேன், ஆனால் சந்தோஷமாகவே அழுதேன். அவர் போய்ச் சேர்ந்து மகளின் கையைப் பிடித்தார். அதன் பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து ஆறும் மழையும் தோணியும் எங்கள் மேடைக்குத் திரும்பி வந்தன. குதிரைகளுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

சனங்கள் போன பிறகு நாங்கள் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தோம். பின்னால் கதிரை அடுக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அல்பி அண்ணன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கதிரையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். "இதுர கால் கழண்டிருக்கு, நாளைக்கு ஆணி கொண்டுவாறன்" என்று சொல்லி, அதைத் தனியே சுவர் ஓரம் வைத்தார். மண்டபத்து விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டியவர் அவர்தான்.